ராத்திரிச் சிரிப்பு

1

ராத்திரி கூழ் குடிச்சு முடிச்சு, சட்டியெல்லாம் கழுவிக் கவுத்ததுக்கு அப்புறம்தான் எங்க ஆயா ஆண்டை வேஷம் கட்டும். கிழிஞ்ச துண்டை முண்டாசாச் சுத்திக்கிட்டு, வயித்தை முன்னால தள்ளிக்கிட்டு, வாசல்ல இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு நடக்கும். 'எவன்டா அவன் மடையைத் தொறந்தது?' என்று ஆண்டையின் தொண்டையிலேயே அதட்டும். கூலி அளக்கும்போது மரக்காலுக்குள் கட்டைவிரலை விட்டு அளப்பாரே, அதையும் செய்து காட்டும். நாங்கள் மண்ணில் புரண்டு சிரிப்போம். பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். விடிந்தால் அதே ஆயா அதே ஆண்டையின் களத்துமேட்டில் கைகட்டி நிற்கும். 'ஆமாங்க ஆண்டே' என்று சொல்லும். மரக்காலுக்குள் விரல் அப்படியேதான் இருக்கும்.

இந்தச் சிரிப்புக்கு என்ன பேர் வைப்பது? கலகம் என்று நாம் பேர் வைத்திருக்கிறோம். அடக்கப்பட்டவர்களின் கேலி அதிகாரத்தைத் தலைகீழாக்கும் என்று நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். கொஞ்ச காலமாக எனக்கு அதில் ஒரு சந்தேகம். சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி.

விடுதியில் தங்கிப் படிக்கிற தம்பி ஒருவன் செல்போனைக் கொண்டுவந்து காட்டினான். 'அண்ணே, இதப் பாருங்க. ஜனாதிபதியையே எப்படிக் கிழிக்கிறானுங்க. நம்ம மாணவர் கலை இரவுக்கு இதே மாதிரி ஒண்ணு போடலாம்னு இருக்கோம்' என்றான். 'தி டெய்லி ஷோ' என்பது நிகழ்ச்சியின் பேர். பார்த்தேன். சிரித்தேன். அப்புறம் பழைய நிகழ்ச்சிகளையும், அதில் வேலை செய்தவர்கள் பேசியதையும் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு குறைந்தது. கேள்வி ஒன்று மிஞ்சியது. ஊரையெல்லாம் சிரிக்கிற வீட்டுக்குள் ஒருத்தன் எழுந்து நின்று 'இந்தச் சிரிப்பு எனக்கு வலிக்குது' என்று சொன்னால், அந்த வீடு என்ன செய்யும்?

2

முதலில் அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1996 ஜூலையில் 'காமெடி சென்ட்ரல்' என்ற கேபிள் சேனலில் இது தொடங்கியது. உருவாக்கியவர்கள் லிஸ் வின்ஸ்டெட், மேடலின் ஸ்மித்பெர்க் என்கிற இரண்டு பெண்கள். செய்தி வாசிப்பவர் மாதிரி மேசைக்குப் பின்னால் உட்காரவைக்கப்பட்டவர் கிரெய்க் கில்போர்ன் என்கிற ஆண். 1997 கடைசியில் அந்த ஆண் ஒரு பத்திரிகைப் பேட்டியில் வின்ஸ்டெட்டைப் பற்றிக் கேவலமாகப் பேசினார். அவருக்கு ஒரு வாரம் இடைநீக்கம். வின்ஸ்டெட் 1998 தொடக்கத்தில் வெளியே போனார். வீட்டைக் கட்டியவர் வெளியே, கேவலமாகப் பேசியவர் நாற்காலியில். இந்த வீட்டின் முதல் பாடம் இதுதான். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

1999 ஜனவரியில் ஜான் ஸ்டூவர்ட் அந்த நாற்காலிக்கு வந்தார். 2015 ஆகஸ்ட் வரை, 16 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். திங்கள் முதல் வியாழன் வரை, ராத்திரி 11 மணிக்கு, அரை மணி நேரம். விளம்பரம் போக இருபத்திச் சொச்சம் நிமிஷம். அவர் காலத்தில்தான் இது வெறும் நடிகர்-நடிகை நக்கலாக இருந்ததிலிருந்து மாறி அரசியல் நையாண்டி ஆனது. 2000, 2004 ஆகிய இரண்டு அதிபர் தேர்தல்களையும் இவர்கள் கேலி செய்த விதத்துக்காக, ஒலிபரப்புத் துறையில் பெரிய மரியாதையான பீபடி விருதை இரண்டு முறை கொடுத்தார்கள். செய்தி போடுகிறவனுக்குக் கொடுக்கிற விருதைச் செய்தியைக் கேலி செய்கிறவன் வாங்கிக்கொண்டு போனான்.

அவர்கள் தொழில் ரொம்ப எளிமையானது. ஒரு அரசியல்வாதி இன்றைக்குப் பேசியதைப் போடுவார்கள். அதே ஆள் ஐந்து வருஷம் முன்னால் நேர்மாறாகப் பேசியதைத் தேடி எடுத்துப் பக்கத்தில் ஒட்டுவார்கள். அப்புறம் ஸ்டூவர்ட் ஒன்றும் சொல்லாமல் கேமராவைப் பார்ப்பார். அந்தப் பார்வைதான் விமர்சனம். இன்னொன்று, 'மூத்த நிருபர்கள்' என்று நகைச்சுவை நடிகர்களை நிற்கவைப்பது. பின்னால் பாக்தாத் நகரம் தெரியும். ஆள் நிற்பதோ அதே ஸ்டூடியோவில் இரண்டு எட்டு தள்ளி. எந்த இடத்துக்கும் போகாமலே அந்த இடத்தைப் பற்றி அதிகாரமாகப் பேசுகிற செய்திக்காரர்களின் யோக்கியதையை இதைவிட நன்றாக உரித்துக் காட்ட முடியாது. மரக்காலுக்குள் இருக்கும் விரலைக் காட்டுகிற வேலை இது. அந்த அளவில் எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு.

3

2004 அக்டோபரில் ஸ்டூவர்ட், சி.என்.என். சேனலில் 'கிராஸ்ஃபயர்' என்ற விவாத நிகழ்ச்சிக்கு விருந்தினராகப் போனார். இடதுக்கு ஒருத்தர் வலதுக்கு ஒருத்தர் என்று இருவர் உட்கார்ந்து கத்திக்கொள்ளும் நிகழ்ச்சி. அங்கே போய் இவர் ஜோக் அடிக்கவில்லை. நீங்கள் செய்வது விவாதமே இல்லை, நாடகம், நாட்டுக்குக் கேடு செய்கிறீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். வலது பக்கத்து ஆளான டக்கர் கார்ல்சன் திருப்பிக் கேட்டார்: அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரி உங்கள் நிகழ்ச்சிக்கு வந்தபோது நீங்கள் மட்டும் கடினமான கேள்வி கேட்டீர்களா? அதற்கு ஸ்டூவர்ட் சொன்ன பதில் பிரபலமானது. எனக்கு முன்னால் ஓடுகிற நிகழ்ச்சியில் பொம்மைகள் போன் போட்டு ஆட்களை ஏமாற்றுகின்றன என்றார். அதாவது, நான் கோமாளி, என்னிடம் போய் இதைக் கேட்கலாமா?

2005 ஜனவரியில் கிராஸ்ஃபயரை மூடுவதாகச் சி.என்.என். அறிவித்தது. கோமாளி ஜெயித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் அந்தக் காட்சியை நாலைந்து முறை பார்த்தேன். நாலாவது முறைதான் அந்தப் பதில் எனக்கு உறுத்தியது.

கோமாளிக்கு ஒரு வசதி இருக்கிறது. அடிக்கும்போது அவன் நீதிபதி. திருப்பி அடித்தால் அவன் வெறும் கோமாளி. ராஜாவுக்கு முன்னால் நிற்கும்போது இந்த வசதி நியாயமானது. தலை தப்ப வேறு வழி கிடையாது. எங்க ஆயாவையும் ஆண்டை பார்த்திருந்தால் 'சும்மா புள்ளைங்களுக்கு வெளையாட்டுக் காட்டினேன் ஆண்டே' என்றுதான் சொல்லியிருக்கும். ஆனால் கோமாளியே ஒரு வீட்டுக்கு எசமானன் ஆகிவிட்டால்? அவனுக்குக் கீழே எழுதுகிறவர்கள், நடிக்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே இருந்தால்? அப்போதும் 'நான் வெறும் கோமாளிதானே' என்று சொல்லிக்கொள்ளலாமா?

4

2006 முதல் லேரி வில்மோர் என்கிற கறுப்பு நடிகர் அந்த நிகழ்ச்சியில் வந்துபோனார். அவருக்குக் கொடுத்த பட்டம், 'மூத்த கறுப்பு நிருபர்'. பட்டமே நக்கல். கறுப்பர்களைப் பற்றி ஏதாவது நடந்தால் மட்டும் ஒரு கறுப்பரைக் கூப்பிட்டு, உங்க ஆளுங்க என்ன நினைக்கிறாங்க என்று கேட்கிற வெள்ளைச் செய்தி அறைகளை அது கேலி செய்தது. நமக்கு இது புதுசு இல்லை. பொதுப் பத்திரிகைகளில் தலித் சிறப்பிதழ் போடும்போது மட்டும் நம் வீட்டு விலாசம் அவர்களுக்கு ஞாபகம் வரும்.

கேலி நன்றாகத்தான் இருந்தது. கேலிக்கு வெளியே, நிஜமாகவே எழுதுகிறவர்களின் அறையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? இதை 2020 ஜூனில் ஒரு வானொலிப் பேட்டியில் ஸ்டூவர்ட்டே சொன்னார். ஜார்ஜ் ஃபிளாய்டை மினியாபொலிஸ் போலீஸ்காரர் ஒருவர் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்று, நாடே தெருவில் இறங்கியிருந்த நேரம். அவர் சொன்னதன் சாரம் இது. எழுத்தாளர் வேலைக்கு வருகிறவர்கள் மாதிரிக்கு எழுதி அனுப்புவார்கள். பாரபட்சம் கூடாது என்று பேரை எடுத்துவிட்டுப் படித்தோம். யார் எழுதியது, என்ன நிறம், ஆணா பெண்ணா எதுவும் தெரியாது. எழுத்தை மட்டும் பார்த்தோம். அப்படிப் பார்த்தும் வந்து சேர்ந்தவர்கள் ஒரே மாதிரி வெள்ளைப் பையன்கள்தான். அப்புறம்தான் புரிந்தது, எங்களுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்த கிளையாறே கெட்டுக்கிடந்தது என்று. பெண்களை அனுப்பு, கறுப்பர்களை அனுப்பு என்று வாயைத் திறந்து கேட்ட பிறகுதான் வந்தார்கள். வந்தவர்கள் நன்றாகவே சிரிக்கவைத்தார்கள்.

தோழர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தகுதி, திறமை என்று நம்மிடம் நூறு வருஷமாகப் பேசுகிறார்களே, அந்தத் தகுதிப் பரீட்சையை முகத்தை மறைத்து, பேரை அழித்து, நல்ல மனசோடு நடத்திப் பார்த்திருக்கிறான் ஒருத்தன். அப்படியும் அக்ரகாரம்தான் வந்து உட்கார்ந்தது. பேரை மறைத்தால் போதாது. வாசலுக்கு வந்து சேர்கிற பாதை யாருடையது என்று கேட்க வேண்டும். இதை ஒரு நகைச்சுவைக்காரர் தன் அனுபவத்திலிருந்து ஒப்புக்கொண்டிருக்கிறார். ஒப்புக்கொண்டதற்கு அவரைப் பாராட்டலாம். ஆனால் ஒப்புக்கொள்ள வைத்தது யார்? அதற்கு முன்னால் ஒருத்தன் அழ வேண்டியிருந்தது.

5

அவர் பேர் வயட் செனாக். 2008 முதல் 2012 வரை அங்கே எழுத்தாளராகவும் நிருபராகவும் இருந்தவர். 2011இல் ஹெர்மன் கெய்ன் என்கிற கறுப்பர் குடியரசுக் கட்சியில் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டார். பீட்ஸா கம்பெனி நடத்தியவர். மூன்று பக்கத்துக்கு மேல் இருக்கிற மசோதாவில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பேசியவர். கேலிக்குத் தகுதியான ஆள்தான். ஸ்டூவர்ட் அவரைப் போலப் பேசிக் காட்டினார். அந்தக் குரல் செனாக்குக்கு வேறு ஒன்றை ஞாபகப்படுத்தியது.

'ஆமோஸ் அண்ட் ஆண்டி' என்று 1928இல் தொடங்கிய வானொலித் தொடர் ஒன்று. இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பர்களைப் போலப் பேசி அமெரிக்காவைப் பல வருஷம் சிரிக்கவைத்தார்கள். 1951இல் அது தொலைக்காட்சிக்கு வந்தபோது கறுப்பு நடிகர்களையே வைத்து எடுத்தார்கள். கறுப்பர் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி. கடுமையாக எதிர்த்தது. 1953இல் நிறுத்தினார்கள். பழைய படங்களை மறுபடி மறுபடி போட்டது 1966 வரை ஓடியது. கறுப்பன் என்றால் சோம்பேறி, தந்திரக்காரன், மொழி தெரியாதவன் என்று ஒரு தலைமுறையின் காதில் ஊற்றிய குரல் அது. அதில் கிங்ஃபிஷ் என்று ஒரு பாத்திரம். ஸ்டூவர்ட்டின் வாயில் அந்தக் கிங்ஃபிஷ் குரலைத்தான் செனாக் கேட்டார்.

அந்தச் சமயத்தில் ஃபாக்ஸ் நியூஸ் காரர்கள், ஸ்டூவர்ட் இனவெறியோடு பேசுகிறார் என்று பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் யோக்கியதை ஊருக்கே தெரியும். அதனால் திருப்பி அடிக்க ஸ்டூவர்ட் தயாரானார். நான் எல்லா இனத்துக்காரர் மாதிரியும்தான் பேசிக் காட்டுகிறேன் என்று பழைய துண்டுகளை அடுக்கிக் காட்டுவது திட்டம். எழுத்தாளர் கூட்டத்தில் செனாக் தயங்கித் தயங்கிச் சொன்னார்: எனக்கு அந்தக் குரல் சங்கடமாக இருந்தது. அதற்கு ஸ்டூவர்ட் எல்லோர் முன்னாலும் வெடித்துக் கத்தினார் என்றும், தான் வெளியே போய் ஒரு விளையாட்டு மைதானத்துப் படியில் தனியாக உட்கார்ந்து அழுததாகவும் செனாக் 2015 ஜூலையில் ஒரு பேட்டியில் சொன்னார். அப்போது அந்த அறையில் இருந்த ஒரே கறுப்பு எழுத்தாளர் தான்தான் என்றும் சொன்னார்.

ஸ்டூவர்ட் கெட்டவர் என்று எழுதுவதற்காக இதைச் சொல்லவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவர் நல்லவர். வெள்ளை இனவெறியை வருஷக்கணக்காக மானம் கெடுத்தவர். அதனால்தான் அவருக்குக் கோபம் வந்தது. என்னையா சொல்கிறாய்? நான் உன் பக்கம்தானே? இந்தக் கோபம் நமக்கு நன்றாகத் தெரியும். சாதி ஒழிப்பு மேடையில் நம்மோடு கைகோத்து நிற்கிற முற்போக்குத் தோழரிடம், 'அண்ணே, நீங்க இப்ப சொன்ன சொலவடை எங்களைக் குத்துது' என்று சொல்லிப் பாருங்கள். எதிரியிடம் வராத கோபம் அவருக்கு நம்மிடம் வரும்.

கேலி செய்கிறவன் தன் மனசைக் கொண்டு கேலியை அளக்கிறான். மனசு சுத்தம், ஆகவே கேலியும் சுத்தம். கேலியை வாங்கிக்கொள்கிறவனிடம் அந்த அளவுகோல் இல்லை. அவனிடம் இருப்பது காது. அந்தக் காதில் அவன் அப்பன் கேட்டதும் தாத்தன் கேட்டதும் சேர்ந்துதான் விழும். செனாக்குக்குக் கேட்டது கெய்னின் குரல் இல்லை, எண்பது வருஷத்துச் சிரிப்பு. அந்த அறையில் இருந்த மற்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. அவர்கள் பொல்லாதவர்கள் என்பதால் இல்லை, அந்தச் சிரிப்பு அவர்கள் வீட்டைப் பார்த்து என்றைக்கும் சிரித்ததில்லை.

6

ராத்திரிச் சிரிப்பால் பகலில் ஏதாவது நடந்திருக்கிறதா? நடந்திருக்கிறது. நியூயார்க் இரட்டைக் கோபுரம் விழுந்தபோது மீட்பு வேலை செய்து, அந்தத் தூசியால் நோயாளியானவர்களுக்கு மருத்துவம் தருகிற சட்டம் 2010 டிசம்பரில் செனட் சபையில் மாட்டிக்கொண்டு கிடந்தது. டிசம்பர் 16 அன்று ஸ்டூவர்ட் மொத்த நிகழ்ச்சியையும் அதற்கே ஒதுக்கினார். நோயில் கிடந்த மீட்புப் பணியாளர்கள் நான்கு பேரைக் கூட்டிவந்து உட்காரவைத்து அவர்களைப் பேசவிட்டார். டிசம்பர் 22இல் சட்டம் நிறைவேறியது. அன்றைக்கு வேலை செய்தது ஜோக் இல்லை. அடிபட்டவன் மேசைக்கு வந்து உட்கார்ந்ததுதான் வேலை செய்தது. கோமாளி கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

அடிபட்டவர்கள் மேசைக்கே வர முடியாத ராத்திரியும் ஒன்று வந்தது. 2015 ஜூன் 17இல் தென் கரோலினா மாநிலம் சார்ல்ஸ்டன் நகரத்து இமானுவேல் தேவாலயத்தில், வேதபாடத்துக்குக் கூடியிருந்த கறுப்பர்களோடு ஒரு மணி நேரம் போல உட்கார்ந்திருந்துவிட்டு, ஒன்பது பேரைச் சுட்டுக்கொன்றான் ஒரு வெள்ளை இளைஞன். செத்தவர்களில் ஒருவர் அந்தச் சபையின் போதகரும் மாநிலச் செனட் உறுப்பினருமான கிளமென்டா பிங்க்னி. 1822இல் அடிமைகளின் எழுச்சிக்குத் திட்டமிட்டான் என்று தூக்கிலிடப்பட்ட டென்மார்க் வீசி சேர்ந்திருந்த சபை அது. அப்போதும் அந்தச் சபையின் கட்டடத்தை அழித்தார்கள். 2015இல் அந்தக் கோயில் நின்ற தெருவுக்குப் பேர் கால்ஹூன் தெரு. அடிமை முறை நல்லதே என்று வாதாடிய அரசியல்வாதியின் பேர்.

மறுநாள் ராத்திரி ஸ்டூவர்ட் ஜோக் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்கு என்னிடம் ஜோக் இல்லை என்றே சொன்னார். ஆறாத இனக் காயம் ஒன்று இருக்கிறது, இல்லாதது மாதிரி நடிக்கிறோம் என்றார். அந்த மாநிலத்தில் அடிமைக்காரர் படையின் கொடி பறக்கிறது, சாலைகளுக்கு அவர்கள் தளபதிகளின் பேர் இருக்கிறது, அப்படி இருந்தும் நாடு பறிபோகிறது என்று நினைப்பவன் வெள்ளைக்காரன் என்றார். கடைசியில், இதையெல்லாம் நேராகப் பார்த்த பிறகும் நாம் ஒன்றும் செய்யப்போவதில்லை என்று முடித்தார்.

அவர் சொன்னது எல்லாம் உண்மை. கடைசி வாக்கியத்தைத் தவிர. அதில் வருகிற 'நாம்' யார்?

சாவுக்குத் துக்கம் காட்டி, மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் நாட்டுக் கொடியையும் மாநிலக் கொடியையும் பாதிக் கம்பத்துக்கு இறக்கினார்கள். அடிமைக்காரர் கொடியை மட்டும் இறக்க முடியவில்லை. சட்டசபை சம்மதிக்காமல் அதைத் தொடக்கூடாது என்று சட்டம். ஒன்பது பிணத்துக்கு மேலே அது உச்சியில் பறந்தது. ஜூன் 26இல் பிங்க்னிக்கு இறுதிச் சடங்கு. ஜூன் 27 விடியற்காலை பிரீ நியூசம் என்கிற கறுப்புப் பெண், 30 அடிக் கம்பத்தில் ஏறி அந்தக் கொடியைக் கையால் அவிழ்த்து இறக்கினார். கீழே ஒரு வெள்ளைத் தோழர் துணைக்கு நின்றார். இரண்டு பேரையும் கைது செய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் கொடியைத் திரும்ப ஏற்றினார்கள். ஆனால் ஜூலை 10இல் சட்டம் போட்டு அரசாங்கமே அதை இறக்க வேண்டியதாயிற்று. ஒன்பது சாவும், பல வருஷப் போராட்டமும், அந்த ஏற்றமும் சேர்ந்து நடந்த காரியம் அது.

ஒன்றும் செய்யப்போவதில்லை என்று ராத்திரி 11 மணிக்குச் சொன்ன 'நாம்' வேறு. விடியற்காலையில் கம்பத்தில் ஏறிய 'நாம்' வேறு. களைத்துப்போன நல்லவர்களின் விரக்தியை நாம் நம்முடைய விரக்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நமக்குக் கட்டுப்படியாகாது.

7

மேசைக்குப் பின்னால் வேறு ஆள் உட்கார்ந்தால் வேறு செய்தி தெரியுமா? தெரியும். 2015 ஜனவரியில் லேரி வில்மோருக்கு 11.30 மணிக்குத் தனி நிகழ்ச்சி கொடுத்தார்கள். கறுப்பர்களின் கண்ணிலிருந்து தினமும் செய்தி. 2016 ஆகஸ்டில் பார்வையாளர் போதவில்லை என்று மூடினார்கள், அதுவும் ஒரு கறுப்பரின் எட்டு வருஷ ஆட்சிக்குப் பிறகு யார் என்று முடிவாகும் தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது. ஸ்டூவர்ட் போன பிறகு 2015 செப்டம்பரில் டெய்லி ஷோ நாற்காலிக்கு வந்தவர் டிரெவர் நோவா. 1984இல் ஜொஹன்னஸ்பர்க்கில் கறுப்பு அம்மாவுக்கும் வெள்ளை அப்பாவுக்கும் பிறந்தவர். இனஒதுக்கல் சட்டப்படி அந்த இரண்டு பேரும் சேர்ந்ததே குற்றம்.

2016 ஜூலையில் மின்னசோட்டாவில் பிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பரைக் காரை நிறுத்தச் சொல்லிச் சுட்டுக்கொன்றார் ஒரு போலீஸ்காரர். பின்சீட்டில் 4 வயதுக் குழந்தை. பக்கத்தில் இருந்த பெண் நடந்ததைச் செல்போனில் நேரடியாகக் காட்டினார். 2017 ஜூனில் அந்தப் போலீஸ்காரர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு. அதைப் பற்றி நோவா பேசியபோது, பல பேர் பல தடவை பார்த்த அந்தப் படத்தில் ஒரு சொல்லைச் சுட்டிக்காட்டினார். துப்பாக்கி இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் தன் ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், போலீஸ்காரரே நிலைகுலைந்து கத்துகிறார். அப்போதும் அந்தப் பெண் 'சார்', 'சார்' என்றுதான் பேசுகிறாள். கறுப்பர்கள் தங்களுக்குக் கிடைத்த பயிற்சியை எந்த நிலையிலும் மறப்பதில்லை என்ற பொருளில் நோவா சொன்னார்.

எனக்கு மயிர் கூச்செறிந்தது. அந்தச் 'சார்' எனக்குத் தெரியும். களத்துமேட்டு 'ஆண்டே'தான் அது. ராத்திரி முழுக்க ஆண்டையாக நடித்துக் காட்டினாலும், விடிந்ததும் நாக்கில் தானாக வந்து உட்கார்கிற சொல். எத்தனை தடவை போட்டுப் பார்த்தாலும் ஸ்டூவர்ட்டின் காதில் அந்தச் சொல் தனியாக விழுந்திருக்குமா என்பது சந்தேகம்தான். அதற்கு அறிவு போதாது. போலீஸ்காரன் நிறுத்தும்போது ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் தெரிகிற மாதிரி வைக்கப் பழகிய உடம்பு வேண்டும். நோவா 2022 டிசம்பர் வரை இருந்தார். 2024 பிப்ரவரியில் ஸ்டூவர்ட் திங்கள்கிழமைகளுக்கு மட்டும் திரும்ப வந்தார்.

8

எங்க ஆயா கதையை நான் முழுசாகச் சொல்லவில்லை. கூட்டங்களிலும் சொன்னதில்லை.

ஒரு ராத்திரி ஆயா ஆண்டை வேஷத்தை முடித்துவிட்டு இன்னொரு வேஷம் கட்டியது. இடுப்பில் குண்டானை இடுக்கிக்கொண்டு, குரலைக் கீச்சாக்கிக்கொண்டு, 'சோறு போடு சாமீ' என்று இழுத்தது. எங்களுக்குத் துணி வெளுக்கிற, சாவுக்கும் தீட்டுக்கும் ஓடிவருகிற புதிரை வண்ணாத்தி அப்படித்தான் தினம் வந்து கேட்பாள். நாங்கள் ஆண்டைக்குச் சிரித்ததைவிட அதிகமாகச் சிரித்தோம். திரும்பிப் பார்த்தால் தெருமுனை இருட்டில் அவளே நிற்கிறாள், இடுப்பில் குண்டானோடு. சிரிப்பு நின்றது. ஆயாவுக்குத்தான் முதலில் கோபம் வந்தது. 'என்னாடி மொறைக்கிற? சும்மா வெளையாட்டுக்குச் செஞ்சா ஒனக்கு என்னா?' என்றது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. 'ஒண்ணுமில்ல சாமி' என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு வாங்கிக்கொண்டு போனாள்.

பகலெல்லாம் 'ஆண்டே' என்று சொன்ன ஆயா ராத்திரியில் 'சாமி'. இதைப் புரிந்துகொள்ள எனக்கு நாற்பது வருஷமும், எங்கோ நியூயார்க்கில் ஒருத்தன் மைதானத்துப் படியில் உட்கார்ந்து அழுத கதையும் தேவைப்பட்டிருக்கிறது.

போன வாரம் விடுதித் தம்பி கலை இரவுக்கு எழுதிய செய்தி நையாண்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அமைச்சர்கள், கலெக்டர், சேனல் விவாதக்காரர்கள் எல்லோரையும் நன்றாகவே கிழித்திருந்தான். நடுவில் ஒரு 'களச் செய்தி'. குப்பை வண்டிக்காரர் ஒருவர் தெலுங்கு கலந்த தமிழில் உளறுகிறார், நிருபர் புரியாமல் முழிக்கிறார். சிரிப்பு வரும்தான்.

'தம்பி, உங்க குழுவுல அருந்ததியர் பையன் யாராச்சும் இருக்கானா?' என்று கேட்டேன்.

'இருக்கான் அண்ணே. தப்பு அடிக்கிறானே, அவன்தான்.'

'இதை அவன் படிச்சானா?'

'அவன் அடிக்கிறதோட சரி அண்ணே. எழுதுறதுல வரமாட்டான்.'

'வரமாட்டானா, நீங்க கூப்பிடலையா?'

பதில் வரவில்லை. தாளை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கோபமாகத்தான் போனான். போகட்டும். அவன் அந்தத் தாளை யாரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறான் என்று கலை இரவு அன்று முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்.